ஜீப் ஹாரனுக்கு முந்தைய நிமிஷம்

கூடலூரில் விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே தெரு எழுந்துவிடும். நீலகிரிக் கூடலூர் இல்லை, கம்பத்துக்குத் தெற்கே, மேற்கில் கேரள மலையைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் கூடலூர். மூன்றரை மணிக்கு வீடுகளில் அடுப்பு எரியும். ஐந்து மணிவாக்கில் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் முக்கில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். சோற்றுத் தூக்கு, சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் சீட்டு என்று பெண்கள் ஏறிக்கொள்வார்கள். ஜீப் லோயர் கேம்ப் தாண்டி, மலைப்பாதை ஏறி, குமுளி சோதனைச் சாவடியைக் கடந்து வண்டன்மேட்டுப் பக்கம் போகும். கம்பத்துப் பெண்கள் கம்பம்மெட்டு வழியாகவும், போடிப் பெண்கள் போடிமெட்டு வழியாகவும் இப்படித்தான் போய் வருகிறார்கள்.

என் அம்மா 27 வருஷம் அந்த ஜீப்பில் போனாள். அத்தனை வருஷமும், யாராவது கனவைப் பற்றிப் பேசினால் அவளிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "எனக்கெல்லாம் கனாவே வராதுத்தா. படுத்தா கட்டை, எந்திரிச்சா ஓட்டம்."

அதே வீட்டில் அம்மாச்சி இருந்தாள். அவளுக்கு ஜீப்பும் இல்லை, அலாரமும் இல்லை. விழிப்பு வந்த பிறகும் கண்ணை மூடியபடி கொஞ்ச நேரம் கிடப்பாள். அப்புறம் உள்ளங்கை இரண்டையும் தேய்த்துப் பார்த்துவிட்டு, வலப்பக்கமாக ஒருக்களித்து எழுவாள். எழுந்ததும் முதல் பேச்சு அன்றைய சொப்பனம்தான்.

மூட்டு வலி வந்து அம்மா மலைக்குப் போவதை நிறுத்தினாள். ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் காலையில் கட்டிலில் உட்கார்ந்து, கண்டதை எல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். மறுநாளும் சொன்னாள். அதற்கடுத்த நாள், "இத்தன நாளு இதெல்லாம் எங்கத்தா போயிருந்துச்சு?" என்று என்னிடமே கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில், அம்மாவுக்குக் கனவு வராமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய வழிகாட்டி நத்தானியல் கிளைட்மனும் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். தூங்குகிறவரின் மூடிய இமைக்குள்ளே, இரவில் சில நேரங்களில் மட்டும், கருவிழி இப்படியும் அப்படியுமாக விரைந்து அலைகிறது. அசெரின்ஸ்கி ஆரம்பத்தில் கருவியை மாட்டிப் பார்த்தது தன்னுடைய சின்ன மகனுக்குத்தான். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானவர்கள் கனவு கண்டுகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். 1957இல் வில்லியம் டிமெண்ட் கிளைட்மனோடு சேர்ந்து இன்னும் கவனமாகச் செய்த சோதனையில், கண் அலையும் நேரத்தில் எழுப்பியபோது சுமார் 80 சதவீதம் முறை கனவு கிடைத்தது. மற்ற நேரத்தில் எழுப்பியபோது சுமார் 7 சதவீதம்தான். மற்ற தூக்கத்திலும் துண்டுதுண்டாக எண்ணங்களும் காட்சிகளும் வருகின்றன என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் கதைபோல நீளும் கனவுகளுக்கு முக்கிய இடம் இந்தக் கண்ணசைவுத் தூக்கம்தான். ரெம் தூக்கம் என்று இப்போது எல்லோரும் சொல்வது இதைத்தான்.

கனவே வராது என்கிறவர்களைப் பற்றி 2015இல் பாரிஸில் இருந்து ஓர் ஆய்வு வந்தது. ரெம் தூக்கத்தில் நம் உடம்பின் தசைகள் தளர்ந்து கிடக்கும். சிலருக்கு ஒரு கோளாறினால் அந்தத் தளர்ச்சி ஏற்படாது. அவர்கள் கனவில் செய்வதைப் படுக்கையிலேயே செய்வார்கள்: பேசுவார்கள், கையை வீசுவார்கள், யாரோடோ சண்டை போடுவார்கள். இந்தக் கோளாறு உள்ளவர்களில் சிலர், வருஷக்கணக்கில் ஒரு கனவுகூட நினைவில்லை என்றவர்கள். அவர்களும் தூக்கத்தில் முழுக் காட்சியையே நடித்துக்கொண்டிருந்தது வீடியோவில் பதிவானது. கனவு நடந்திருக்கிறது, காலையில்தான் அது கைக்கு வரவில்லை. இதைப் படித்தபோது அம்மாவின் 27 வருஷ இரவுகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

ரெம் தூக்கம் இரவு முழுக்க ஒரே அளவில் வருவதில்லை. சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்றாகத் தூக்கம் போய்த் திரும்புகிறது. முதல் சுற்றில் ரெம் பத்து நிமிஷம் இருந்தாலே அதிகம். விடியலை நெருங்க நெருங்க அது நீண்டு, கடைசிச் சுற்றுகளில் அரை மணி நேரம்வரை போகும். இதற்கு உடம்பின் கடிகாரமும் ஒரு காரணம். உடம்புச் சூடு மிகக் குறைந்திருக்கும் பின்னிரவிலும் அதை ஒட்டி வரும் விடிகாலையிலும்தான் ரெம் தூக்கம் கொழிக்கிறது. பத்து மணிக்குப் படுத்து மூன்றரைக்கு எழுகிற பெண் இழப்பது இரண்டு மணி நேரத் தூக்கம் மட்டும் என்று தோன்றும். ஆனால் வெட்டுப்படுவது கனவு அடர்ந்திருக்கும் பகுதி.

"விடிகாலைக் கனவு பலிக்கும்" என்று நம் ஊரில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். முதல் ஜாமத்துக் கனவு பலிக்க வருஷமாகும், விடிகாலைக் கனவு உடனே பலிக்கும் என்று அம்மாச்சி கணக்கே வைத்திருந்தாள். பலிப்பதைப் பற்றி என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்குக்குள் நல்ல கவனிப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். விடியற்காலையில் வரும் கனவுதான் நீளமானது, தெளிவானது, விழிப்புக்குப் பக்கத்தில் இருப்பது. நினைவில் தங்குவது அதுதான். தங்கியதுதானே நாலு பேரிடம் சொல்லப்படும், பலித்ததா என்று பார்க்கப்படும்.

சரி, கனவு அவ்வளவு வருகிறது என்றால் ஏன் நிற்பதில்லை? மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்று சின்னதாக ஒரு பகுதி இருக்கிறது. லத்தீனில் 'நீல இடம்' என்று அர்த்தம். மூளை முழுவதற்கும் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தை அனுப்புவது இதன் வேலை. ஒன்றைக் கவனிக்கவும், கவனித்ததைப் பதிய வைக்கவும் நார்அட்ரினலின் துணை வேண்டும். விழித்திருக்கும்போது நீல இடம் சுறுசுறுப்பாக இருக்கும், ரெம் தூக்கத்தில் அநேகமாக முழு மௌனம். அதே சமயம் அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு ரசாயனம், விழிப்பில் இருக்கும் அளவுக்கு ஏறி நிற்கிறது. அதனால் மூளை காட்சி காட்சியாக உண்டாக்கிக்கொண்டே போகிறது. ஏலக்காய் மண்டியில் வியாபாரம் மும்முரமாக நடக்கிறது, கணக்கெழுதுகிறவர் மட்டும் லீவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறதி வெறும் எழுதாமை மட்டும்தானா என்ற கேள்வியும் உண்டு. 2019இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகிஹிரோ யமனாகாவின் குழு எலிகளில் ஒன்றைக் கண்டது. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் உள்ள ஒருவகை நரம்புச் செல்கள் ரெம் தூக்கத்தில் வேலை செய்து, நினைவைச் சேமிக்கும் ஹிப்போகாம்பஸை அடக்குகின்றன. அந்த நேரத்தில் அந்தச் செல்களை நிறுத்தி வைத்தபோது, எலிகள் முன்பு பார்த்த பொருள்களை இன்னும் நன்றாக நினைவில் வைத்திருந்தன. எலி தன் கனவைச் சொல்லாது, ஆகவே இது நேரடிச் சாட்சி ஆகாது. ஆனால் ரெம் தூக்கத்தில் மறப்பதற்கென்றே மூளையில் ஓர் ஏற்பாடு இருக்கலாம் என்று இது காட்டுகிறது.

இப்போது விழிக்கும் நொடிக்கு வருவோம், விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. விழித்ததும் நீல இடம் மறுபடி வேலையைத் தொடங்குகிறது, கணக்கெழுதுகிறவர் வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் கணத்தில் கனவின் கடைசிப் பகுதி இன்னும் மனசின் வாசலில் நிற்கிறது. சில நொடிகள், அதிகம் போனால் ஒன்றிரண்டு நிமிஷம். அதை நீங்கள் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், இப்போது அது விழிப்பின் நினைவாகவே பதிந்துவிடுகிறது. வேறொன்று குறுக்கே வந்தால் அந்த வேறொன்றுதான் பதியும். 1976இல் டேவிட் கூலாக், டொனால்ட் குடினஃப் இருவரும் கனவு நினைவைப் பற்றி முன்வைத்த விளக்கத்தின் சாரம் இதுதான்: விழிப்பு வேண்டும், அந்த விழிப்பில் குறுக்கீடு இருக்கக்கூடாது.

அலாரமோ ஹாரனோ என்ன செய்கிறது? எழுப்பத்தான் செய்கிறது, அதனால் முதல் நிபந்தனை சரி. ஆனால் எழுப்பிய அதே சத்தம் கவனம் முழுவதையும் வெளியே இழுத்துக்கொள்கிறது. மணி என்ன, சோறு வடித்தாகிவிட்டதா, சின்னவனை யார் பள்ளிக்கூடத்தில் விடுவது, ஜீப் போய்விட்டதா. இத்தனையும் இரண்டு நொடியில் வந்து வாசலை அடைத்துக்கொள்ளும். அம்மாவுக்கு 27 வருஷம் நடந்தது இதுதான்.

இதை ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமலே கண்டுபிடித்தவர் ஒரு பெண். அமெரிக்காவின் மேரி விட்டன் கால்கின்ஸ். ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்கான எல்லா வேலையும் முடித்தும், பெண் என்பதால் அந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்தது. அவர் பின்னால் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார், 1905இல். இவர் 1893இல் கனவுகளைக் கணக்கெடுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவரும் இன்னொருவரும் படுக்கைக்குப் பக்கத்தில் தாள், பென்சில், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி வைத்துக்கொண்டு, இரவில் விழிக்கும்போதெல்லாம் எழுதினார்கள். அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்தி வைத்த இடம் ஒன்று உண்டு. தாளை எடுக்கக் கையை நீட்டும் அந்தச் சின்ன அசைவிலேயே, மெழுகுவர்த்தியைப் பொருத்துவதிலேயே, கனவு கலைந்துவிடுகிறது என்கிறார். ஏதோ அருமையான ஒன்றைக் கண்டோம் என்ற உணர்வு மட்டும் மிஞ்சுகிறது, என்ன கண்டோம் என்பதில் ஒரு துளிகூட இல்லை. எழுந்து உட்கார்ந்தவுடன் நமக்கும் அப்படித்தானே ஆகிறது?

ஃப்ராய்டு இந்த மறதிக்கு வேறு காரணம் சொன்னார். நாம் ஏற்க விரும்பாத ஆசைகளை மனசு அமுக்கிவிடுகிறது என்றார். 1973இல் டேவிட் கோஹன், கேரி வுல்ஃப் என்ற இருவர் எளிமையான ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினரிடம், காலையில் எழுந்ததும் வானிலைத் தகவல் எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு அன்றைய வெப்பநிலையைக் குறித்துவிட்டு, அப்புறம் கனவை எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் பேசாமல் படுத்திருந்துவிட்டு எழுத வேண்டும். தொலைபேசியை எடுத்தவர்களிடம் கனவு கணிசமாகக் குறைந்துபோயிருந்தது. வெப்பநிலையைக் கேட்பதில் ஆசையும் இல்லை, அச்சமும் இல்லை. ஒரு சின்ன வேலை குறுக்கே வந்தது, அவ்வளவுதான். கண்ணைத் திறப்பதற்குள் கை செல்போனைத் தேடும் இந்தக் காலத்தில் அந்தச் சோதனையை நாம் எல்லோரும் தினமும் நம்மீதே செய்துகொண்டிருக்கிறோம்.

விழித்ததும் மூளை முழுவதும் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை என்பதும் இங்கே முக்கியம். மூளைத்தண்டும், மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸும் சில நிமிஷங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். யோசித்துத் திட்டமிடும் முன்நெற்றிப் பகுதிக்கு ரத்த ஓட்டம் முழுதாகத் திரும்பக் கால் மணி நேரம்கூட ஆகலாம். தூக்கக் கலக்கம் என்று நாம் அலுத்துக்கொள்ளும் நேரம் அது. முகத்தில் தண்ணீர் அடி, உடனே நட, காபி குடி என்று அதைத் துரத்தத்தான் எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். வண்டி ஓட்டப் போகிறவருக்கு அது சரி. மற்றவர்கள் அதைத் துரத்தாமல் இருந்தால், கனவுக்கும் பகலுக்கும் நடுவில் கதவு கொஞ்ச நேரம் சாத்தாமல் கிடக்கும்.

பாதி விழிப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்த மருந்தியல் விஞ்ஞானி ஓட்டோ லோவியின் கதை ஒன்று போதும். நரம்பு இதயத்துக்குச் செய்தியை எப்படிக் கொடுக்கிறது, மின்சாரத்தாலா ரசாயனத்தாலா என்று அவர் பல வருஷமாக யோசித்து வந்தார். ஒரு நாள் இரவில் விடை கனவில் வந்தது. விழித்து, ஒரு தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கிப்போனார். காலையில் முக்கியமான எதையோ எழுதினோம் என்பது ஞாபகம் இருந்தது, கிறுக்கலைப் படிக்க முடியவில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே யோசனை திரும்பி வந்தது. இந்த முறை தாளை நம்பாமல் நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய், இரண்டு தவளை இதயங்களை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டார். ஒன்றின் நரம்பைத் தூண்டி, அது ஊறிய திரவத்தை மற்றொன்றுக்கு மாற்றியதும் இரண்டாவது இதயமும் நிதானமாகத் துடித்தது. 1921இல் வெளியான அந்த வேலைக்காக 1936இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அந்தத் திரவத்தில் இருந்த பொருள் எது தெரியுமா? மேலே சொன்ன அசிட்டைல்கோலின். ரெம் தூக்கத்தில் நம் மூளைக்குள் நிறைந்து கனவை ஓட்டும் அதே பொருளின் வேலை ஒரு கனவினால் கண்டறியப்பட்டது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனசு நிறைந்துபோகிறது.

மெதுவாக விழிப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு முதலில் காட்டியது குமுளிதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு விஷுவுக்கு முந்தின இரவு அங்கே ஒரு மலையாளத் தோழி வீட்டில் தங்கினேன். சாவடிக்கு இந்தப் பக்கம் கனா, அந்தப் பக்கம் கினாவு. சொல்கூட ரொம்ப தூரம் போய்விடவில்லை. விடியற்காலை இருட்டில் அந்த வீட்டுப் பாட்டி வந்து என் கண்ணைக் கையால் பொத்தி, "கண்ணு துறக்கல்லே மோளே" என்று காதோடு சொன்னார். கண் மூடியபடியே எழுந்து, அவர் கையைப் பிடித்து மெதுவாக நடந்து, உருளிக்கு முன்னால் போய் உட்கார்ந்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன். குத்துவிளக்கு, கொன்றைப் பூ, பொன்னிற வெள்ளரி, அரிசி, நாணயம், கண்ணாடி. வருஷத்தின் முதல் காட்சி நல்லதாக இருக்கட்டும் என்பதற்காக வைத்த வழக்கம் அது. ஆனால் அன்று விழிப்புக்கும் கண் திறப்புக்கும் நடுவே கிடைத்த அந்த நாலைந்து நிமிஷத்தால், அன்றைய கனவு எனக்கு இன்றுவரை நிற்கிறது. மழையில் நனையாத ஒரு பச்சைப் பாலத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

இதை எல்லா நாளும் செய்துகொள்ளலாம், பெரிய ஏற்பாடு தேவையில்லை. விழிப்புத் தட்டியதும் கண்ணைத் திறக்காமல், புரளாமல் அப்படியே கிடக்க வேண்டும். இன்றைக்கு என்ன வேலை என்று நினைவு ஓடினால், அதை விட்டுவிட்டு 'இப்போது எங்கே இருந்தேன்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். காட்சி வராவிட்டால் உணர்வைப் பிடியுங்கள்: பயமா, சந்தோஷமா, யாரையோ தேடிய தவிப்பா. உணர்வு கையில் இருந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு காட்சி வரும். கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி, அதற்கு முன் என்ன, அதற்கு முன் என்ன என்று போக வேண்டும். இரண்டு மூன்று சொல் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் எழுதலாம். தலையணைக்கடியில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும். போனில் பேசிப் பதிவு செய்யலாம் என்பார்கள். திரை வெளிச்சமும் அதில் காத்திருக்கும் செய்திகளும் வானிலை எண்ணின் வேலையைச் செய்துவிடும் என்பதால் நான் நோட்டுப் பக்கம்தான். படுக்கும்போதே 'நாளைக்குக் கனவை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்' என்று நினைத்துத் தூங்குவதும் உதவுகிறது. நோட்டு வைத்துக்கொண்டவர்களுக்குச் சில வாரங்களில் நினைவு கூடுவது பலரும் கண்டதுதான்.

பிரான்ஸின் லியோன் நகரில் பெரின் ரூபியின் குழு, கனவு அடிக்கடி நினைவிருப்பவர்களையும் அபூர்வமாகவே நினைவிருப்பவர்களையும் ஒப்பிட்டது. முதல் கூட்டத்தார் இரவில் இடையிடையே விழித்திருந்த நேரம் மொத்தம் சுமார் 30 நிமிஷம், மற்றவர்கள் அதில் பாதி. ராத்திரி எழுந்து எழுந்து படுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்குக் கனவு அதிகம் நின்றால், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக இரவு மூன்று மணிக்கு அலாரம் வைத்துக் கனவு பிடிக்கலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஏற்கெனவே தூக்கம் போதாத உடம்பிலிருந்து இன்னும் பிடுங்குவது அது.

எல்லோரும் எல்லாக் கனவையும் பிடித்து வைக்கத்தான் வேண்டுமா என்றால், வேண்டாம். பார்க்கக்கூடாததைப் பார்த்தவர்களுக்கு அதே காட்சி இரவில் திரும்பத் திரும்ப வருவதுண்டு. அவர்கள் விழித்தவுடன் விளக்கைப் போட்டு, எழுந்து நடந்து, தண்ணீர் குடித்துக் கலைத்துவிடுவதே நல்லது. அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் ரெம் தூக்கத்தைக் குறைக்கும். கனவுக்காக அவற்றை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

ஜீப்புக்குப் போகிறவர்கள் என்ன செய்வது? ஹாரனை நிறுத்த முடியாது. ஆனால் வேலையில்லாத ஒரு நாள் காலை உண்டு. அன்றைக்கு மட்டுமாவது வீட்டில் இருப்பவர்கள் பாத்திரத்தை உருட்டாமல், பேர் சொல்லிக் கூப்பிடாமல், அவர்களாக விழிக்க விடலாம். எழுப்பியே ஆக வேண்டும் என்றால் காலை மெல்லத் தொட்டு எழுப்பிவிட்டு, உடனே எதையும் கேட்காமல் இருக்கலாம். தொலைந்தது என்று நினைத்த கனவு மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறக்கும்போது திடீரென்று வருவதும் உண்டு. ஒரு வாசனை, ஒரு முகம், ஒரு சொல் அதைக் கிளப்பிவிடும். அப்போது பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லிவிட்டால் நிற்கும்.

போன வாரம் காலை நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"லோயர் கேம்புல அந்தப் பெரிய குழாயி வருதுல்ல, மலையிலருந்து தண்ணி எறங்குறது. அது மேலேயே நடந்து போறோம். நானும் மேலத்தெரு அக்காவும். மழை பேயுது, சீட்டே இல்ல, நனையவும் இல்ல."

மேலத்தெரு அக்கா அம்மாவோடு இருபது வருஷம் ஒரே ஜீப்பில் போனவள். இறந்து ஆறு வருஷம் ஆகிறது.

"அவ திரும்பி என்னமோ சொன்னாத்தா. என்ன சொன்னா..."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா அசையாமல் அப்படியே கிடந்தாள். பாலை இறக்கி வைத்துவிட்டு, டம்ளர் சத்தம் வராமல், அடுப்படியிலேயே நின்றேன்.